ஒரே சில்லு, இரண்டு பொறிகள்: பீகிள்போர்டில் எழுதிய நிரலைப் பண்டோராவுக்குக் கொண்டுசெல்லும் முறை

பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி, சிறிய கணினிகளுக்கு நிரல் எழுதிப் பழகுகிறோம். சிலர் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போய்ப் பலகைகளைச் சோதிக்கும் வேலை செய்பவர்கள். மற்றவர்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்கள். எங்களிடம் பண்டோரா என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பீகிள்போர்டு என்ற ஒற்றைப் பலகைக் கணினி மூன்று இருக்கின்றன. ஒரு கருவியை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொண்டால் ஒருவருக்கும் வேலை நடக்காது என்பதால், நிரல் எழுதுவதையும் பிழை களைவதையும் பலகையில் முடித்துவிட்டு, தேறிய நிரலை மட்டும் கருவிக்குக் கொண்டுபோவது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம். இரண்டிலும் ஒரே சில்லு இருப்பதால் எல்லாம் தானாகவே ஓடிவிடும் என்று எண்ணித்தான் தொடங்கினோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டுமே பழைய பொறிகள், இன்று கைமாறித்தான் கிடைக்கின்றன. ஆயினும் இவற்றை வைத்துக் கற்கும் பாடம் ஏஆர்எம் வகைச் செயலி உள்ள வேறு எந்தப் பலகைக்கும் பொருந்தும்.

கீழே வரும் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

எது ஒன்று, எது வேறு

பீகிள்போர்டு 2008-இல் வெளிவந்தது. பண்டோரா 2010-இல் வாங்கியவர்கள் கைக்கு வந்தது. இரண்டின் நடுவிலும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஓமாப்3530 சில்லு உட்கார்ந்திருக்கிறது. அதனுள் கார்டெக்ஸ்-ஏ8 செயலி, பவர்விஆர் எஸ்ஜிஎக்ஸ்530 என்ற வரைகலைப் பகுதி, சி64எக்ஸ்+ என்ற குறியலைச் செயலி ஆகிய மூன்றும் ஒரே கூட்டில் அடங்கியுள்ளன. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் துணைச் சில்லும் இரண்டிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த டிபிஎஸ்65950தான். பின்னாளில் வந்த பீகிள்போர்டு-எக்ஸ்எம் பலகையும், 1 கிகாஹெர்ட்ஸ் பண்டோராவும் டிஎம்3730 என்ற அடுத்த சில்லுக்கு மாறின. அவை இரண்டிலும் 512 எம்பி நினைவகம்.

வேறுபடுவது சில்லைச் சுற்றி இருப்பவை. பலகையில் திரை இல்லை. எச்டிஎம்ஐ வடிவக் கொக்கி வழியாக வெளித்திரைக்குப் படம் போகிறது. பண்டோராவில் 4.3 அங்குலமும் 800-க்கு 480 புள்ளிகளும் கொண்ட தொடுதிரை உள்ளேயே இருக்கிறது. பலகையில் விசைப்பலகை, மின்கலம், வைஃபை எதுவும் கிடையாது. பண்டோராவில் எல்லாம் உண்டு, அதோடு நப் எனப்படும் இரண்டு சிறு குமிழ்களும் உண்டு. பலகையில் எஸ்டி அட்டைக்கு ஒரு துளை, கருவியில் இரண்டு. ஒலிக்கு வந்தால், பலகை துணைச் சில்லுக்குள் இருக்கும் ஒலிப்பகுதியையே பயன்படுத்துகிறது. பண்டோராவோ ஒலியை வெளியே அனுப்பத் தனியாகப் பிசிஎம்1773 என்ற மாற்றியை வைத்திருக்கிறது.

ஆகவே பொருத்தம் என்பதை ஒரே கேள்வியாகக் கேட்கக் கூடாது. செயலியின் கட்டளைகள், மிதவைப் புள்ளி எண்களை (பின்ன எண்களை) கைமாற்றும் முறை, நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகங்களின் பதிப்பு, வரைகலை, உள்ளீடு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் என்று அடுக்கடுக்காகக் கேட்க வேண்டும். முதல் அடுக்கில் கவலையே இல்லை. கடைசி அடுக்கில் பொருத்தமே இல்லை. வேலை முழுவதும் நடுவில் கிடக்கிறது.

பலகையைக் கருவியின் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுதல்

முதலில் கையில் இருக்கும் பலகை எந்தத் திருத்தப் பதிப்பு என்று பாருங்கள். பி பதிப்பில் 128 எம்பி நினைவகம்தான் உண்டு. சி பதிப்பில் 256 எம்பி உண்டு. முதல் பண்டோராவிலும் 256 எம்பி என்பதால், ஒப்பிட்டுச் சோதிக்கச் சி பதிப்பே ஏற்றது. சி4 பதிப்பு 720 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, முதல் பண்டோரா 600-இல் ஓடுகிறது. பலகையில் நொடிக்கு 60 சட்டம் (ஃப்ரேம்) என்று வழுவழுப்பாக ஓடிய விளையாட்டு கருவியில் தடுக்கித் தடுக்கி நடப்பதற்கு இதுவே பல வேளைகளில் காரணம். கெர்னலுக்குத் தரும் தொடக்கக் கட்டளை வரியில் எம்பியூரேட் என்பதை 600 என்று வைத்துவிட்டால் இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும். எக்ஸ்எம் பலகை வைத்திருந்து 256 எம்பி பண்டோராவுக்கு எழுதுகிறவர்கள், அதே வரியில் மெம் என்பதை 256எம் என்று குறைத்துவிட வேண்டும். இல்லையெனில் நினைவகம் போதாமல் நிரல் விழுவது கருவிக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பலகைக்கு 5 வோல்ட்தான். அதன் வட்டத் துளையில் வீட்டில் கிடக்கும் ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரும் அழகாகப் பொருந்தும். எங்களிடம் நான்கு பலகைகள் இருந்தன. ஒன்று அப்படித்தான் போனது. புகையோ வெடிச்சத்தமோ எதுவும் வரவில்லை, விளக்கு ஒரு முறை மின்னிவிட்டு அணைந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து 5 வோல்ட் அடாப்டர்களின் முனையில் சிவப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறோம். விரிவாக்கக் கொக்கியின் குறியலைகள் 1.8 வோல்ட் என்பதையும் மறக்கக் கூடாது. ஆர்டுயினோ பழக்கத்தில் 5 வோல்ட் கம்பியை அங்கே செருகினால் சில்லே போய்விடும்.

பலகை சொல்லும் செய்திகளை வேறொரு கணினியில் பார்க்க உதவும் தொடர் இணைப்பு (சீரியல்) இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். முதல் பீகிள்போர்டில் அது பத்து முள் கொக்கியாக, உண்மையான ஆர்எஸ்-232 மின்னழுத்தத்தில் இருக்கிறது. இப்போது எல்லாரிடமும் இருக்கும் 3.3 வோல்ட் யூஎஸ்பி கம்பி அதற்கு ஆகாது. பழைய கணினிகளின் பின்புறத்தில் இருந்த, பத்து முள்ளிலிருந்து ஒன்பது முள்ளுக்குப் போகும் தட்டைக் கம்பியே தேவை. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு புடு வட்டாரத்து ஜாலான் பாசார் மின்னணுக் கடைகள் இருக்கின்றன. நாங்கள் பழைய கணினி ஒன்றைப் பிரித்து எடுத்துக்கொண்டோம். வேகம் 115200. பழைய கெர்னலில் இந்த இணைப்பு டிடிஒய்எஸ்2 என்றும், 2.6.37 முதல் டிடிஒய்ஓ2 என்றும் தோன்றும். அட்டை நன்றாக இருந்தும் திரையில் ஓர் எழுத்துகூட வராமல் நின்றால் முதலில் இந்தப் பெயரைத்தான் சரிபார்க்க வேண்டும்.

கோப்பு இருந்தும் இல்லை என்று சொல்லும் பிழை

இனி வருவதுதான் பெரும்பாலோரைக் கவிழ்க்கும் இடம். எங்கள் குழுவில் நான்காம் படிவம் படிக்கும் தம்பி ஒருவர் பலகையில் முதல் நிரலை முடித்து, எஸ்டி அட்டையில் போட்டு, பண்டோராவில் செருகி ஓடவிட்டார். அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்று பதில் வந்தது. எல்எஸ் கட்டளை கொடுத்தால் கோப்பு கண் முன்னே நிற்கிறது. "அண்ணே, ஃபைலு இங்கதான் இருக்கு, ஆனா இல்லேன்னே சொல்லுது" என்று அவர் திரும்பத் திரும்பக் காட்டினார். அனுமதியைச் சரிபார்த்தோம், பெயரைச் சரிபார்த்தோம், அட்டையையே மாற்றிப் பார்த்தோம், பதில் மாறவில்லை.

காணாமல் போனது நிரல் அல்ல, நிரலை ஏற்றிவைக்கும் ஏற்றி. இரண்டு பொறிகளிலும் ஓடுவது லினக்ஸ். அதில் ஒவ்வொரு பைனரியும் (தொகுத்து முடித்த நிரல் கோப்பும்) தன்னை நினைவகத்தில் ஏற்ற வேண்டிய நிரலின் முகவரியைத் தன் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. பலகையில் இருந்தது டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் ஏஆர்எம்எச்எஃப் வகை. அதில் தொகுக்கப்பட்ட பைனரி, லிப் அடைவில் எல்டி-லினக்ஸ்-ஏஆர்எம்எச்எஃப்.எஸ்ஓ.3 என்ற கோப்பைத் தேடுகிறது. பண்டோராவின் மென்பொருள் ஆங்ஸ்ட்ரம் என்ற வேறொரு லினக்ஸ் வெளியீட்டின் வழி வந்தது. அதில் இருப்பது எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.3. ஏற்றி இல்லாதபோது கெர்னல் சொல்லும் "இல்லை" என்ற சொல், நிரலையே குறிப்பதுபோல நம் கண்ணில் படுகிறது.

ஏற்றியின் பெயர் மாறியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஏஆர்எம் உலகில் பின்ன எண்களை ஒரு செயற்கூறிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்க இரண்டு வழக்கங்கள் உள்ளன. பழைய வழக்கத்தில் எண் செயலியின் சாதாரணப் பதிவகங்களின் வழியாகப் போகும். கணக்கை மட்டும் மிதவைப் புள்ளிப் பகுதி செய்யும். இதற்கு சாஃப்ட்எஃப்பி என்று பெயர். ஹார்டு என்ற புதிய வழக்கத்தில் எண்ணே மிதவைப் புள்ளிப் பதிவகங்களின் வழியாகப் போகும். கார்டெக்ஸ்-ஏ8 செயலிக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் ஓட்டும். ஆனால் ஒரு வழக்கத்தில் தொகுத்த நிரல் மற்ற வழக்கத்தில் தொகுத்த நூலகத்தை அழைத்தால், கொடுப்பவர் வலக்கையை நீட்ட வாங்குபவர் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் கதையாகிவிடும். பண்டோரா சாஃப்ட்எஃப்பி வழக்கத்தில் நிற்கிறது. டெபியன் 7, உபுண்டு 12.04 தொடங்கி வந்த ஏஆர்எம்எச்எஃப் வெளியீடுகள் எல்லாம் ஹார்டு.

பைனரி எந்தப் பக்கம் என்று அறிய ரீட்எல்ஃப் கட்டளையைப் பெரிய ஏ என்ற தெரிவுடன் கொடுத்துப் பாருங்கள். வரும் வரிகளில் ஏபிஐ_விஎஃப்பி_ஆர்க்ஸ் என்று ஒன்று இருந்து, அதற்கு நேரே விஎஃப்பி ரெஜிஸ்டர்ஸ் என்று இருந்தால் அது ஹார்டு, பண்டோராவில் ஓடாது. அந்த வரியே இல்லையென்றால் சாஃப்ட்எஃப்பி பக்கம். எங்கள் குழுவில் அட்டையில் எதையும் நகலெடுக்கும் முன் இந்த ஒரு கட்டளையைக் கொடுப்பது கட்டாயம்.

ஆகவே தொகுக்கும்போது ஜிசிசி என்ற தொகுப்பிக்கு மூன்று தெரிவுகளைத் தர வேண்டும்: எம்-சிபியூ என்பது கார்டெக்ஸ்-ஏ8, எம்-எஃப்பியூ என்பது நியான், எம்-ஃப்ளோட்-ஏபிஐ என்பது சாஃப்ட்எஃப்பி. கடைசித் தெரிவை மட்டும் மாற்றி ஏஆர்எம்எச்எஃப் டெபியனுக்குள்ளேயே தொகுத்துவிடலாம் என்று தோன்றும். அங்குள்ள நூலகங்கள் எல்லாம் ஹார்டு வழக்கத்தில் இருப்பதால் இணைக்கும் கட்டத்தில் மறுத்துவிடும். நியான் தெரிவை விட்டுவிட்டால் நிரல் ஓடும், ஆனால் வேகம் குறையும். கார்டெக்ஸ்-ஏ8இல் உள்ள சாதாரண மிதவைப் புள்ளிப் பகுதி மெதுவானது. நியான் பகுதிதான் விரைவானது.

கருவியின் கோப்புமுறையையே பலகைக்குள் கொண்டுவருதல்

வழக்கம் சரியானாலும் நூலகங்களின் பதிப்பு இடிக்கும். டெபியன் 6-இன் அடிப்படை சி நூலகம் 2.11, டெபியன் 7-இல் 2.13. புதிய நூலகத்தோடு இணைத்த நிரல் பழையதன்மேல் ஓடாது. அந்த சி நூலகமான ஜிலிப்சியின் பதிப்பு கிடைக்கவில்லை என்று பிழை வரும். பழையதோடு இணைத்தது புதியதன்மேல் பெரும்பாலும் ஓடிவிடும். கருவியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று அறிய, லிப் அடைவில் இருக்கும் லிப்சி.எஸ்ஓ.6 கோப்பையே ஒரு நிரல்போல ஓடவிட்டால் போதும், தன் பதிப்பைத் தானே சொல்லும்.

ஒவ்வொரு நூலகத்தையும் இப்படி ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். இதற்கு நாங்கள் கைக்கொள்ளும் வழி எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. பண்டோராவின் கோப்புமுறை முழுவதையும் டார் கட்டளையால் ஒரே பொதியாகக் கட்டி, பலகையின் அட்டையில் ஓர் அடைவுக்குள் பிரித்துவைத்து, சிஹெச்ரூட் கட்டளையால் அதற்குள் நுழைந்துவிடுகிறோம். நுழைந்த பின் பலகைக்குள்ளேயே ஒரு பண்டோரா இருக்கிறது: அதே ஏற்றி, அதே சி நூலகம், விளையாட்டுகளுக்குப் படமும் ஒலியும் உள்ளீடும் தரும் அதே எஸ்டிஎல் நூலகம், அதே எழுத்துரு அடைவுகள். செயலி ஒன்றாக இருப்பதால் எமுலேட்டர் எதுவும் தேவையில்லை, வேகத்தில் இழப்பும் இல்லை. இரண்டு பொறிகளின் ஒற்றுமை முழுப்பயன் தருவது இங்கேதான்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். பண்டோராவில் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இருந்து, வெற்று அட்டை ஒன்றை எக்ஸ்ட்3 வடிவில் அமைத்து இரண்டாம் துளையில் செருகுங்கள். ஃபேட் வடிவ அட்டையில் பிரித்தால் கோப்புகளின் அனுமதிகளும் குறியீட்டு இணைப்புகளும் தொலைந்துபோகும் என்பதால் எக்ஸ்ட்3 அவசியம். பிறகு மூல அடைவிலிருந்து டார் கொடுக்கும்போது ஒன்-ஃபைல்-சிஸ்டம் என்ற தெரிவைச் சேருங்கள்; இல்லையென்றால் ப்ராக், சிஸ் ஆகிய போலி அடைவுகளும், செருகியிருக்கும் அட்டைகளும் பொதிக்குள் இழுத்துக்கொள்ளப்படும். பொதியைப் பலகையில் ரூட் பயனராகவே பிரியுங்கள். பின்னர் பலகையின் டெவ், ப்ராக், சிஸ் ஆகிய மூன்றையும் மவுண்ட் கட்டளையின் பைண்ட் தெரிவால் அந்த அடைவுக்குள் ஒட்டிவிட்டு, சிஹெச்ரூட் கொடுங்கள். லிப்சி கோப்பை மறுபடி ஓடவிட்டால் கருவியின் பதிப்பு எண் பலகையில் தெரியும். அது தெரிந்தால் மேலே போகலாம்.

சிஹெச்ரூட் கொடுத்து நுழைந்த இந்த அறைக்குள் தொகுப்பி இல்லாமல் இருக்கலாம். ஆங்ஸ்ட்ரமில் ஓபிகேஜி என்ற நிறுவல் கட்டளை வழியாக டாஸ்க்-நேட்டிவ்-எஸ்டிகே என்ற தொகுதியை நிறுவலாம். அல்லது மேசைக் கணினியில் வேறு பொறிக்காகத் தொகுக்கும் குறுக்குத் தொகுப்பி வைத்துத் தொகுத்து, இந்த அறையை ஓடவிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். 600 மெகாஹெர்ட்ஸ் செயலியில் பெரிய சி++ நிரலைத் தொகுக்க நேரம் பிடிக்கும் என்பதால், நான் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன்.

இறுதியில் எல்டிடி கட்டளையால் நிரல் என்னென்ன நூலகங்களைக் கேட்கிறது என்று பட்டியல் எடுங்கள். கருவியில் இல்லாதவற்றை நிரலோடு ஒரு லிப் அடைவில் போட்டு அனுப்பலாம். ஆனால் சி நூலகத்தையும் ஏற்றியையும் ஒருபோதும் கட்டி அனுப்ப வேண்டாம். அதே தடை வரைகலை நூலகங்களுக்கும் உண்டு.

திரைக்கு வரைதல்

எஸ்ஜிஎக்ஸ்530 ஓபன்ஜிஎல் இஎஸ் 1.1, 2.0 ஆகியவற்றைத்தான் அறியும். மேசைக் கணினியின் ஓபன்ஜிஎல் அதற்குத் தெரியாது. அதன் இயக்கி இரண்டு துண்டுகளாக வருகிறது: ஒன்று கெர்னலில் ஏறும் கூறு, மற்றது மூலநிரல் திறக்கப்படாத பயனர்பக்க நூலகம். இரண்டும் ஒரே வெளியீட்டைச் சேர்ந்தவையாக இருந்தாக வேண்டும். போதாததற்கு, சில்லின் திருத்தப் பதிப்புக்கு ஏற்ப இஎஸ்2, இஎஸ்3, இஎஸ்5 என்று தனித்தனி நூலகங்கள் உள்ளன. டிஎம்3730 உள்ள பொறிக்கு இஎஸ்5. பலகையிலிருந்து இந்த நூலகத்தை எடுத்துக் கருவியில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். மேலே சொன்ன சிஹெச்ரூட் அறையும் இங்கே உதவாது, ஏனெனில் கெர்னல் பலகையுடையது, நூலகம் கருவியுடையது. முப்பரிமாண விளையாட்டு எழுதுகிறவர்கள் பலகையின் சொந்த இயக்கியோடு பலகையில் சோதித்துவிட்டு, கருவியில் மறுபடி சோதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இருபரிமாணம் என்றால் நிலைமை எவ்வளவோ மேல். ஓமாப் சில்லின் காட்சிப் பகுதி மூன்று படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும், சிறிய படத்தைத் திரையளவுக்குத் தானே பெரிதாக்கவும் வல்லது. பண்டோராவின் எஸ்டிஎல் 1.2-இல் ஓமாப்டிஎஸ்எஸ் என்ற காட்சி இயக்கி இதைப் பயன்படுத்துகிறது. எஸ்டிஎல்_வீடியோடிரைவர் என்ற சூழல் மாறியில் அந்தப் பெயரையும், எஸ்டிஎல்_ஓமாப்_லேயர்_சைஸ் என்பதில் ஃபுல்ஸ்கிரீன் என்பதையும் வைத்துவிட்டால், 320-க்கு 240 அளவில் எழுதிய விளையாட்டு செயலிக்குக் கூடுதல் சுமை இல்லாமல் திரை முழுவதும் விரியும். பலகையிலும் ஓமாப்எஃப்பி இயக்கி உள்ள பழைய கெர்னல் இருந்தால் இதை அப்படியே சோதிக்கலாம். புதிய கெர்னல்கள் ஓமாப்டிஆர்எம் பக்கம் போய்விட்டதால் அவற்றில் இந்தப் படலங்கள் அதே பெயரில் கிடைக்கமாட்டா. நாங்கள் இதற்காகவே ஓர் அட்டையில் 3.2 கெர்னலை விட்டுவைத்திருக்கிறோம். வண்ண ஆழத்தையும் இரண்டிலும் 16 பிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விசைகள், குமிழ்கள், ஒலி

பண்டோராவின் விளையாட்டுப் பொத்தான்கள் ஜாய்ஸ்டிக் அல்ல, விசைப்பலகை விசைகள். இது பலகையில் சோதிப்பதற்குப் பெரிய வசதி. திசைப் பொத்தான்கள் அம்பு விசைகளாக வரும். ஏ என்பது ஹோம், பி என்பது எண்ட், எக்ஸ் என்பது பேஜ் டவுன், ஒய் என்பது பேஜ் அப். இடத்தோள் வலப்பக்க ஷிஃப்ட். வலத்தோள் வலப்பக்கக் கண்ட்ரோல். ஸ்டார்ட் இடப்பக்க ஆல்ட், செலக்ட் இடப்பக்கக் கண்ட்ரோல். பலகையில் ஒரு யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகி இதே விசைகளுக்கு நிரலை எழுதினால், கருவியில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்றால் பலகையைச் சந்தேகிக்க வேண்டாம். சி பதிப்பின் யூஎஸ்பி ஹோஸ்ட் துளை அதிவேகச் சாதனங்களை மட்டுமே நேரடியாக ஏற்கும், விசைப்பலகையையும் சுட்டியையும் யூஎஸ்பி 2.0 ஹப் வழியாகத்தான் செருக வேண்டும்.

ஸ்டார்ட் ஆல்ட்டாக இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தில் விளையாட்டு ஒரு சன்னலுக்குள் ஓடும்போது, ஸ்டார்ட்டை அழுத்தியபடி வேறு விசையை அழுத்தினால் அதைச் சன்னல் மேலாளர் பிடுங்கிக்கொள்ளும். முழுத்திரையில் உள்ளீட்டைப் பற்றிக்கொள்ளும்படி நிரலை எழுதிவிட்டால் இது தீரும்.

குமிழ்கள் இரண்டும் இயல்பாகச் சுட்டியாகவே நடந்துகொள்கின்றன: இடது குமிழ் அம்பை நகர்த்தும், வலது குமிழ் சுட்டியின் பொத்தான்களாகும். விளையாட்டுக்கு அவற்றை ஜாய்ஸ்டிக் ஆக்க, ப்ராக் அடைவுக்குள் பண்டோரா, அதற்குள் நப்0, அதற்குள் மோட் என்ற கோப்பில் அப்சொலூட் என்று எழுத வேண்டும், நப்1-க்கும் அவ்வாறே. நிரல் முடியும்போது பழைய நிலைக்குத் திருப்பி எழுதவும் வேண்டும், இல்லையெனில் அடுத்து வருபவருக்குச் சுட்டி நகராது. இந்தக் கோப்புகள் பலகையில் இல்லை. ஆகவே எழுதும் முன் கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பேசாமல் தாண்டிப்போகும்படி எழுதினால் ஒரே நிரல் இரண்டிலும் ஓடும்.

ஒலியைப் பொறுத்தவரை, லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சா வழியாக இயல்புச் சாதனத்துக்கு அனுப்பினால் போதும். ஒலிச்சில்லு வேறு என்பதால் மிக்சரில் உள்ள கட்டுப்பாடுகளின் பெயர்களும் வேறு; பெயரைச் சொல்லி ஒலியளவை மாற்றும் வரிகளை நீக்கிவிடுங்கள்.

தமிழ் எழுத்து

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் மாணவர்கள் முதலில் செய்தது தமிழ்ச் சொல் விளையாட்டு: எழுத்துகள் மேலிருந்து விழும், சரியான சொல்லைப் பிடிக்க வேண்டும். பலகையின் மேசைத்தளத்தில் தமிழ் அழகாகத் தெரிந்தது. விளையாட்டுக்குள் மட்டும் "நெல்" என்ற சொல்லில் முதலில் நகரம் நின்று, அதற்குப் பின்னால் ஒற்றைக் கொம்பு நின்றது. சின்ன வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய விளையாட்டில் இப்படி ஓர் எழுத்துப் பிழையை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னால் கொண்டுவருவது வடிவமைப்பு நூலகத்தின் வேலை. மேசைத்தளத்துக்கு அந்த நூலகம் இருக்கிறது. விளையாட்டுக்குள் எழுத்துகளை வரையும், பண்டோராவில் உள்ள பழைய எஸ்டிஎல்_டிடிஎஃப் என்ற நூலகமோ குறியீடுகளை வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. எஸ்டிஎல்_டிடிஎஃப்-இல் ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்பு நூலகத்தின் இணைப்பு 2022-இல்தான் வந்து சேர்ந்தது, அந்தப் பதிப்பு எஸ்டிஎல் 2-க்கு உரியது. நாங்கள் கண்ட வழி, விளையாட்டுக்குத் தேவையான சொற்களை எல்லாம் மேசைக் கணினியில் பாங்கோ என்ற எழுத்து வடிவமைப்பு நூலகத்தின் வழியாக முன்கூட்டியே பிஎன்ஜி படங்களாக வரைந்து, நிரலோடு கட்டி அனுப்புவது. சொல் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் படங்கள் சிறியவை, ஏற்றவும் விரைவாக இருக்கின்றன. பயனர் தட்டும் தமிழைக் காட்ட வேண்டிய நிரல் என்றால் இது போதாது. அப்போது ஹார்ஃப்பஸையே சாஃப்ட்எஃப்பி வழக்கத்தில் தொகுத்து லிப் அடைவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிஎன்டி பொதியாகக் கட்டுதல்

பண்டோராவில் நிரல் நிறுவப்படுவதில்லை. பிஎன்டி என்ற ஒற்றைக் கோப்பாக அட்டையில் இருந்தபடியே ஓடுகிறது. அந்தக் கோப்பு உண்மையில் ஸ்குவாஷ்எஃப்எஸ் அல்லது ஐஎஸ்ஓ வடிவப் படிமம். அதன் வாலில் பிஎக்ஸ்எம்எல் என்ற விளக்கக் கோப்பும் சிறுபடம் ஒன்றும் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். பிஎன்டி_மேக் என்ற எழுத்தாணை இவற்றை ஒன்றாகக் கட்டித் தரும். விளக்கக் கோப்பில் நிரலுக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுக்கிறோம். ஓடும்போது படிமம் எம்என்டி அடைவில் யூடிஎம்பி என்பதற்குள் அந்தப் பெயரில் விரிகிறது. நிரல் தன் அடைவில் எதையாவது எழுதினால் அது படிமத்தில் போய் எழுதப்படாமல், அட்டையில் பண்டோரா என்ற அடைவில் உள்ள ஆப்டேட்டா என்ற பகுதிக்குள் போய்ச் சேர்கிறது.

இதனால் நிரலில் முழு முகவரிகள் எதுவும் இருக்கக் கூடாது. பலகையில் வீட்டு அடைவின் முழு முகவரியை எழுதி எழுத்துருவைத் திறந்த நிரல், கருவியில் எழுத்துரு இல்லாமல் நிற்கும். எல்லாவற்றையும் தன் அடைவிலிருந்து தொடங்கும் முகவரிகளாக மாற்றிவிடுங்கள். கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டும் நம்பி இரு கோப்புகளை வைக்காதீர்கள். ஆப்டேட்டா பெரும்பாலும் ஃபேட் அட்டையில் இருக்கும், அங்கே இரண்டும் ஒன்றாகிவிடும்.

நிரலை நேரடியாக அழைக்காமல், ஒரு சிறு ஷெல் எழுத்தாணையை இடையில் வைப்பது நல்லது. எல்டி_லைப்ரரி_பாத் மாறியில் லிப் அடைவைச் சேர்ப்பது, எஸ்டிஎல் மாறிகளை வைப்பது, குமிழ்களின் நிலையை மாற்றி முடிவில் திருப்பி வைப்பது ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கிவிடும்; நிரல் பலகைக்கும் கருவிக்கும் பொதுவாகவே இருக்கும்.

அட்டையில் பண்டோரா அடைவுக்குள் மெனு, டெஸ்க்டாப், ஆப்ஸ் என்ற மூன்றில் ஒன்றில் பிஎன்டி கோப்பைப் போட்டால் கருவி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். சிறுபடத்தைத் தொட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், டெம்ப் அடைவில் பிஎன்டிரன் என்று தொடங்கும் பெயருடைய கோப்பைத் திறந்து பாருங்கள்; நிரல் கடைசியாகச் சொன்னது அதில் இருக்கும்.

கெர்னலைத் தொட வேண்டாம்

பலகையின் தொடக்க நிரல்களான எம்எல்ஓ, யூபூட் ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் பண்டோராவின் உள்நினைவகத்தில் எழுதாதீர்கள். சில்லின் முள்களை எதற்கு ஒதுக்குவது, நினைவகத்தை எந்த வேகத்தில் இயக்குவது என்பதெல்லாம் அவற்றுக்குள் பலகைக்கே உரியதாக எழுதப்பட்டிருக்கின்றன. உள்நினைவகமும் பலகையில் 256 எம்பி, கருவியில் 512 எம்பி. அதன் பகுப்பும் வேறு. லினக்ஸ் மூலநிரலில் ஓமாப்3-பீகிள் என்றும் ஓமாப்3-பண்டோரா என்றும் வன்பொருளை விவரிக்கும் தனித்தனிச் சாதன மரக் கோப்புகள் இருப்பது இதனால்தான். கெர்னல் கூறுகளும் அப்படியே, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகா.

கருவியில் வேறு கெர்னலைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் எஸ்டி அட்டையிலிருந்து தொடங்குங்கள். வலத்தோள் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரத்தைப் போட்டால் தொடக்கப் பட்டி வரும். அதில் அட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். தவறினாலும் அட்டையை எடுத்துவிட்டால் கருவி பழையபடி எழுந்து நிற்கும். எங்கள் ஒரே கருவியை இத்தனை காலம் காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான்.

தேறிய ஒவ்வோர் அட்டையின் உறைமேலும் பலகையின் திருத்தப் பதிப்பு, கெர்னல் எண், கருவியின் மென்பொருள் பதிப்பு, ரீட்எல்ஃப் பார்த்த நாள் ஆகிய நான்கையும் பேனாவால் எழுதி வைக்கிறோம். அடுத்த சனிக்கிழமை அந்த அட்டையை எடுப்பவர் வேறொருவராக இருப்பார்.